நெல்லை வானில் வடதுருவ ஒளி தெரியுமா?

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

நெல்லைச் சீமையில் வானத்தைப் பாராமல் ஒரு நாளும் கழிவதில்லை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கே பார்க்கிறோம். பொதிகையின் தலையில் மேகம் கட்டியிருக்கிறதா, குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா என்று விசாரிக்கிறோம். ஐப்பசி பிறந்தால் கிழக்கே பார்க்கிறோம். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் பாபநாசம் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று தேடுகிற கண்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

இப்படி வானத்தோடு பழகிய நமக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ஒரு புதுமையான செய்தி வந்தது. முந்தைய இரவு லடாக்கில் ஹான்லே என்னும் மலையூரில் வடக்கு வானம் சிவந்து ஒளிர்ந்ததென்றும், அங்குள்ள இந்திய வானாய்வகத்தின் காமிராக்கள் அதைப் படம் பிடித்தனவென்றும் அறிந்தோம். படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. கூடவே இரண்டு கேள்விகளும் பறந்தன. "நம்ம ஊர்ல எப்பத் தெரியும்?" என்பது ஒன்று. "இந்தச் சூரியப் புயலுக்கும் நம்ம ஊர் வெள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டா?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி ஆசையில் பிறந்தது. இரண்டாவது, ஐந்து மாதங்களுக்கு முன்பு தாமிரபரணி காட்டிய கோலத்தை மறக்க முடியாத அச்சத்தில் பிறந்தது.

இரண்டுக்கும் விடை "இல்லை" என்பதுதான். ஆனால் அந்த "இல்லை"க்குள் நம் மண்ணைப் பற்றிய ஓர் அரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அதை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஒளி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சூரியன் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்பவில்லை. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் கலந்த ஒரு காற்றையும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. சாதாரண நாட்களில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து நம்மிடம் வர அதற்கு நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். சூரியப் புள்ளிகள் பெருகும் காலங்களில், அதாவது ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை, சூரியனின் காந்தப் புலம் முறுக்கேறி வெடிக்கிறது. அப்போது கோடிக்கணக்கான டன் பொருள் ஒரே வீச்சில் புறப்படுகிறது. அது பூமியின் காந்தப் புலத்தில் வந்து மோதுவதையே காந்தப் புயல் என்கிறோம்.

மின்னூட்டம் பெற்ற துகள், காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டபடியே செல்லும். குறுக்கே வெட்டிக்கொண்டு போவது அதற்கு அரிது. பூமியின் காந்தக் கோடுகள் துருவங்களின் அருகே தரைக்குள் இறங்குகின்றன. ஆகவே துகள்களும் அக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் இறங்குகின்றன. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களை மோதினால் பச்சை ஒளி. 200 கிலோமீட்டருக்கு மேலே மோதினால் சிவப்பு. நைட்ரஜனை மோதினால் நீலமும் ஊதாவும். நார்வே நாட்டிலும் அலாஸ்காவிலும் இரவெல்லாம் திரைச்சீலை போல் அசைவது இதுதான். வடக்கே தெரிவது வடதுருவ ஒளி. தெற்கேயும் இப்படியே தென்துருவ ஒளி உண்டு. பார்க்க ஆள்தான் குறைவு.

நமக்கு ஏன் தெரியாது? இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துத் திரிகோணமே போதும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் ஒளி இருந்தால், பூமியின் வளைவு மறைக்காமல் அதைப் பார்க்கக்கூடிய தொலைவு சுமார் 2,200 கிலோமீட்டர். அதாவது 20 பாகை. திருநெல்வேலி வட அட்சம் 8 பாகை 44 கலையில் இருக்கிறது. அதோடு 20ஐக் கூட்டினால் ஏறத்தாழ டெல்லி. ஆக, டெல்லிக்கு நேர் மேலே, அதுவும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வானம் சிவந்தால்தான், வண்ணாரப்பேட்டையில் மாடியேறி நிற்பவனுக்கு வடக்கே அடிவானத்தில் ஒரு மங்கல் தெரியக்கூடும். அதையும் ஏதாவதொரு தென்னந்தோப்பு மறைத்துவிடும்! ஹான்லே இருப்பது 32 பாகைக்கும் மேலே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், தூசும் விளக்கும் இல்லாத இருட்டில். அப்படியிருந்தும் அங்கே தெரிந்தது மிக உயரத்துச் சிவப்பு மட்டுமே. பச்சைத் திரை அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

வரலாற்றில் இதைவிடப் பெரிய புயல்கள் உண்டு. 1859 செப்டம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது அவற்றின் நடுவே வெண்ணிற ஒளிப்பொறி ஒன்றைக் கண்டார். பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் புயல் பூமியை எட்டிவிட்டது. ஹவாய்த் தீவிலும் கியூபாவிலும் துருவ ஒளி தெரிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தடுமாறின. அந்தப் புயலின் கடுமையை எண்ணாகச் சொல்ல இன்று உலகம் எடுத்துக்காட்டும் முக்கியமான பதிவு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பம்பாய் கொலாபா ஆய்வகத்திலிருந்து. அங்கே காந்தப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததை இரவு பகலாகக் கருவியருகே உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார்கள். 2024 மே மாதப் புயலில் உலகச் சராசரிச் சரிவு 400ஐச் சற்றே தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால் அதன் மூர்க்கம் விளங்கும். 1872 பிப்ரவரி 4ஆம் நாள் நேர்ந்த புயலில் துருவ ஒளி பம்பாயிலேயே தெரிந்ததாகவும் பதிவு உண்டு. ஆயினும் நூற்றாண்டுக்கு ஒருமுறை நேர்கிற ஒன்றை நம்பி நாம் மாடியில் பாய் விரிக்க முடியாது.

வானத்தில் ஒளி தெரியவில்லை என்பதற்காக நமக்கும் அந்தப் புயலுக்கும் உறவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிப் சர்க்கிள் என்றொரு கருவி தூசி படிந்து கிடக்கிறது. செங்குத்துத் தளத்தில் ஆடுகிற ஒரு காந்த ஊசி, அவ்வளவுதான். பாடப்புத்தகப் படத்தில் அந்த ஊசி மூக்கைக் கீழே நட்டுக்கொண்டு நிற்கும். லண்டனில் அது 66 பாகை அளவுக்குச் சாய்கிறது. டெல்லியில் 40 பாகைக்கு மேல். நெல்லையில் வைத்தால் ஏறக்குறைய தட்டையாகப் படுத்துவிடும். கருவி பழுதென்று அதைத் திருகியவர்களும் உண்டு! கருவி சரியாகத்தான் இருக்கிறது. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடைமட்டமாக ஓடும் இடங்களை இணைத்தால் அதுதான் காந்த நடுவரை. பூகோள நடுவரையிலிருந்து விலகி, அது நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. நாம் அதன் பக்கத்துவீட்டுக்காரர்கள்.

கிடைமட்டக் கோடுகள் நமக்கு வேலி. துகள்கள் அந்த வேலியைத் தாண்டி இறங்க முடியாது. ஆதலால் துருவ ஒளியும் இல்லை. ஆனால் அதே கிடைமட்டம் வேறொரு விந்தையை உண்டாக்குகிறது. பகலில் சூரிய ஒளி மேல்வானத்து அணுக்களைப் பிளந்து அயனிகளாக்குகிறது. நம் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுவரையை ஒட்டி மட்டும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. நடுவரைக்கு இருபுறமும் மூன்று பாகை வீதம் பரவிய ஆறு அது. நம் பக்கத்தில் அதன் வடகரை ஏறத்தாழக் காவிரி வரை; தென்கரை கடலுக்குள்ளே. பெரு நாட்டின் ஹுவான்காயோ நிலையத்தில் நண்பகல் தோறும் காந்தப் புலம் அளவுக்கு மீறி ஏறுவதைக் கண்டு அறிஞர்கள் வியந்தார்கள். 1951இல் சிட்னி சாப்மன் என்னும் அறிஞர் இதற்கு நடுவரை மின்தாரை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். தாமிரபரணியைக் கண்ணால் பார்க்கிறோம். இந்த மேலாற்றைக் காந்தமானியால் மட்டுமே பார்க்க முடியும். காலையில் பெருகி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, மாலையில் வற்றிவிடும் ஆறு.

தாமிரபரணி பிறக்கும் மலைக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837இல், வானாய்வகம் ஒன்று தோன்றியது. 1852இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஜான் ஆலன் புரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கடல்மட்டத்தருகே எடுக்கும் அளவும் மலையுச்சியில் எடுக்கும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்றறிய விரும்பிய அவர், 1855இல் அகத்தியமலையின் மீது, ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு காந்த, வானிலை ஆய்வகம் கட்டினார். சாலை கிடையாது, கருவிகள் மனிதர் தோளில் ஏறியிருக்க வேண்டும். அட்டையும் ஆனையும் உலவும் காட்டில், வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளே முங்கிக் கிடக்கும் சிகரத்தில் உட்கார்ந்து ஊசியின் அசைவைக் குறித்திருக்கிறார்கள். 1865இல் புரௌன் ஊர் திரும்பினார். அவர் எடுத்த அளவுகள் 1874இல் பெரிய நூலாக வெளிவந்தன. காந்தக் கலக்கங்கள் உலகெங்கும் ஒரே வேளையில் நிகழ்கின்றன, சூரியன் தன்னைச் சுற்றும் காலத்தையொட்டி ஏறக்குறைய 26 நாளுக்கொருமுறை திரும்பி வருகின்றன என்ற முடிவுகளை முதலில் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். அகத்தியர் தமிழ் வளர்த்த மலை என்று நாம் சொல்கிறோம். காந்தவியல் வளர்த்த மலையும் அதுதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதன்பின் நெடுங்காலம் கழித்து, சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டான 1957-58ஐ ஒட்டித் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த நிலையங்கள் எழுந்தன. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் காந்த நடுவரையின் பொருட்டே. 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் மேல்வானத்தில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அந்தி வெயில் பட்டு அது மஞ்சள் கலந்த செம்பொன்னாக ஒளிர்ந்தது. மனிதன் செய்த ஒளிதான். இருந்தாலும் நம் தெற்கு வானம் துருவ ஒளிக்கு மிக அருகில் சென்ற மாலை அது என்பேன்.

இன்று அந்தப் பணி நம் வீட்டுவாசலிலேயே நடக்கிறது. கிருஷ்ணாபுரம் என்றதும் நமக்கு வேங்கடாசலபதி கோயிலின் சிற்பங்கள் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பெயரையே முகவரியாகக் கொண்டு, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நடுவரைப் புவிப்பௌதிக ஆய்வுக்கூடம் இயங்கி வருகிறது. காந்தமானிகள் இரவும் பகலும் புலத்தை அளக்கின்றன. 70 முதல் 98 கிலோமீட்டர் உயரம் வரை வீசும் காற்றை அளக்கும் ராடார் ஒன்று 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே உண்டு. நிலவில்லாத இரவுகளில் முழு வானத்தையும் ஒரே சட்டத்துக்குள் பிடிக்கும் காமிராவும் உண்டு. இங்கே ஒரு சுவையான கணக்கைச் சொல்ல வேண்டும். நெல்லையின் காந்தமானி பார்ப்பது மின்தாரையை மட்டுமா? சூரியப் புயல், தொலைதூர மின்னோட்டங்கள் எல்லாமும் அதில் கலந்துவிடுகின்றனவே! அதற்காக மகாராஷ்டிரத்தின் அலிபாக் நிலையத்து அளவை எடுத்து நெல்லையின் அளவிலிருந்து கழிக்கிறார்கள். (பம்பாயில் மின்சார டிராம் ஓடவிருந்ததால் கொலாபாவின் காந்தப் பணி 1904இல் அலிபாகுக்குப் போனது.) அலிபாக் மின்தாரைக்கு வெளியே இருப்பதால் பொதுவானவை கழிந்துவிடும். மிஞ்சுவது நம் தலைக்கு மேலே ஓடும் ஆறு மட்டும். அதன் நண்பகல் உச்சம் நூறு நானோடெஸ்லாவைத் தொடுவதுண்டு. நம் ஊரின் மொத்தக் காந்தப் புலம் சுமார் 40 ஆயிரம். நானூறில் ஒரு பங்கைத் துல்லியமாகப் பிரித்தெடுக்கும் வித்தை இது.

சரி, இரவில் அந்தக் காமிரா எதைப் பார்க்கிறது? பகலில் பிளந்த அணுக்கள் இரவில் மீண்டும் கூடும்போது மிக மங்கலாக ஒளிவிடுகின்றன. இதற்கு வானொளிர்வு என்று பெயரிடலாம். சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில் சிவப்பு. 100 கிலோமீட்டரை ஒட்டிப் பச்சை. துருவ ஒளியின் அதே இரண்டு நிறங்கள், அதே ஆக்சிஜன் அணு. ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத மங்கல். அந்தச் சிவப்பில், பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் கருங்கோடுகள் எழுந்து கிழக்கு நோக்கி நகர்வதைக் காமிரா காட்டும். அவை அயனி மண்டலத்தில் கொதிநீர்க் குமிழிபோல் கிளம்பும் வெற்றிடங்கள். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும் இவை அதிகம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உவரிக்கும் கூத்தங்குழிக்கும் போய்ப் பார்க்கலாம். அங்கே மீனவர்கள் படகின் இருப்பிடத்தை அறிய ஜிபிஎஸ் கருவியை வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோளின் சைகை இந்தக் குமிழிகளின் வழியே வரும்போது சிதறி நடுங்கும். இடம் தவறக்கூடும், சில நிமிடம் சைகையே அறுந்துபோகக்கூடும். விமானங்களுக்கு வழிகாட்ட இந்தியா அமைத்த ககன் திட்டத்தில், நம் நாட்டு அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்கு வகுக்க வேண்டியிருந்ததும் இதனால்தான். மேல்நாட்டுக் கணக்கு நம் தெற்கு வானத்துக்குப் பொருந்தவில்லை. பழைய மத்திய அலை வானொலியை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். பகலில் கேட்காத தூர நிலையங்கள் இரவில் வந்து மோதும். அலையை விழுங்கும் கீழடுக்கு இரவில் கரைந்துபோவதே காரணம். அயனி மண்டலத்தை அறிய இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மழை பெய்யும் வானமும், இதுவரை நாம் பேசிய வானமும் ஒன்றல்ல. மழைமேகம் பதினைந்து பதினாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். காற்றின் எடையில் மிகப்பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. மின்தாரை ஓடும் உயரத்தில் காற்று பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. காந்தப் புயல் அங்கே ஆடும் ஆட்டத்தின் ஆற்றல் கீழே வந்து ஒரு மேகத்தைத் திரட்டப் போதாது.

முக்கூடற் பள்ளு பிறந்தது நம் சீவலப்பேரிப் பக்கத்தில்தான். ஆற்றில் நாளை வெள்ளம் வருவதற்கான குறிகளை அந்நூல் சொல்கிறது. மலையாளத்துத் திசையிலும் ஈழத்துத் திசையிலும் மின்னல் வெட்டுவது, காற்றின் போக்கு, தவளையின் கூப்பாடு, நண்டு தன் வளையை அடைப்பது எல்லாம் அதில் வருகின்றன. இரு திசை மின்னலை ஒருசேரச் சொன்னது வெறும் அழகுக்காக என்று நான் நினைக்கவில்லை. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று இரு பக்கமும் ஈரம் இறங்கும் பள்ளத்தாக்கு இது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாக நமக்குத் தெளித்து, கார் நெல்லுக்கு ஆற்றில் நீர் விடுகிறது. வடகிழக்குப் பருவம் நேரடியாகவே வந்து குளங்களை நிரப்பிப் பிசானத்தைக் காப்பாற்றுகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நடந்தது இரண்டாவது வழியின் உக்கிரம். குமரிக் கடலின் மேலே ஒரு காற்றுச் சுழற்சி நின்றது. வங்கக் கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து வந்தபடியே இருந்தது. மேற்கே மலை தடுத்தது. சுழற்சி நகரவுமில்லை. மலையில் மட்டும் பெய்திருந்தால் அணைகள் ஓரளவு தாங்கியிருக்கும். இம்முறை சமவெளியிலேயே கொட்டியது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்ததைவிடக் குறைவு! குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. நெல்லையில் "குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டா?" என்பதே வழக்கமாக வெள்ளத்தை அளக்கும் கேள்வி. அன்று அதைக் கேட்பாரில்லை. சந்திப்புப் பேருந்து நிலையமே முங்கிக் கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு விபரீதமான தற்செயலைச் சொல்லியாக வேண்டும். அதே டிசம்பர் 14ஆம் நாள் சூரியனில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அவ்வளவு பெரிது வேறில்லை. மூன்றே நாளில் இங்கே வெள்ளம். முடிச்சுப் போட விரும்புகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வெடிப்பு நிகழ்ந்தபோது நமக்கு இரவு பத்தரை மணி. அந்த எக்ஸ் கதிர்கள் விழுந்தது அமெரிக்கக் கண்டத்துப் பகல் வானத்தில். அலைபரப்பு தடைப்பட்டதும் அங்கேதான். மேலும், தாமிரபரணியின் முந்தைய பெருவெள்ளம் 1992 நவம்பரில். அப்போது சூரியப் புள்ளிகள் உச்சம் கடந்து இறங்கிக்கொண்டிருந்தன. 2023இலோ ஏறிக்கொண்டிருந்தன. ஏறினாலும் வெள்ளம், இறங்கினாலும் வெள்ளம் என்றால் அதைக் காரணம் என்று சொல்ல முடியுமா? இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெள்ளத்துக்குச் சூரியனைக் குற்றவாளியாக்கிவிட்டால், தூர்ந்துபோன கால்வாயும் பலவீனமான குளக்கரையும் நீர்வழியில் எழும்பிய கட்டடமும் விசாரணைக்கே வராமல் தப்பித்துவிடும். மழை அளவிலும் ஒரு பாடம் இருக்கிறது. வானிலைத் துறையின் சொற்பட்டியலில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் "அதிகனமழை". அதற்குமேல் சொல் கிடையாது. 21க்கும் 95க்கும் ஒரே பெயர். எச்சரிக்கையைக் கேட்பவன் இரண்டில் எதை எண்ணிக்கொள்வான்?

அப்படியானால் மேல்வானத்துக்கும் கீழ்வானத்துக்கும் ஒட்டோ உறவோ இல்லையா என்றால், உண்டு. ஆனால் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும் உறவு. வெப்ப மண்டலத்து மழைமேகங்கள் வெளிவிடும் வெப்பம், காற்றில் பேரலைகளை எழுப்புகிறது. அவை உயர ஏற ஏற, காற்று மெலிவதால், வீச்சு பெருகி 90, 100 கிலோமீட்டரில் மின்தாரையையே அசைக்கின்றன. சில பிற்பகல்களில் அந்த மேலாறு திசை மாறி மேற்கு நோக்கி ஓடுவதுண்டு. அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது கூடுதலாகத் தென்படும். கடலில் ஓதத்தை எழுப்பும் சந்திரன் காற்றிலும் ஓதத்தை எழுப்புகிறது. கிருஷ்ணாபுரத்து ராடார் 70 கிலோமீட்டருக்கு மேலே காற்றை அளப்பது இந்த இடைவழியைக் காணத்தான். இன்னும் வியப்பு: 2009 ஜனவரியில் வடதுருவத்தின் மேலே, 30 கிலோமீட்டருக்கு அப்பால், காற்று திடீரென வெப்பமடைந்தது. அடுத்த சில நாட்களில் பெருவிலும் இந்தியாவிலும் காந்த நடுவரையின் மின்தாரை தன் இயல்பை மாற்றிக்கொண்டது. வடதுருவம் நம்மோடு பேசத்தான் செய்கிறது, ஒளியால் அல்ல.

சூரியப் புயலை முன்னறிய இன்று நம் நாட்டுக்கென்று ஒரு காவலும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6இல் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. புயல் அதைத் தாண்டி நம்மை வந்தடைய ஒரு மணி நேரமோ அதற்குக் குறைவோதான் ஆகும். அந்த ஒரு மணி நேரம் மின்சாரத் துறைக்கும் விமானத்துக்கும் பெரிது. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காந்தப் புயலால் 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். நடுவரையை ஒட்டிய நமக்கு அத்தனை ஆபத்து இல்லை.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். காந்த நடுவரை ஓரிடத்தில் நிற்பதில்லை. கடந்த பல பத்தாண்டுகளில் அது நம் பக்கத்தில் மெல்லத் தெற்கே நகர்ந்து வந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்து டிப் சர்க்கிளைத் துடைத்து, இரும்பு அலமாரிகளுக்கு எட்ட வைத்து, ஆண்டுக்கொருமுறை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஊசியின் சாய்வை எடுத்து ஒரு பதிவேட்டில் எழுதலாம். அதே பதிவேட்டின் மறுபக்கத்தில், மைதானத்து மூலையில் வைக்கும் ஒரு மழைமானியின் அன்றாட அளவையும் எழுதலாம். மழைமானிக்குச் செலவு அதிகமில்லை. அதைக் காலை எட்டரை மணிக்குத் தவறாமல் பார்க்க ஒரு விடுதி மாணவர் போதும்.